தடித்த கேபிள் தேவைதானா?

புதுவீடு கட்டுவோரிடம் இன்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது: இணையத்திற்குப் பதிக்கும் கேபிள் எவ்வளவு தடிப்போ, அவ்வளவு நன்மையாம். இதை நான் ஏற்பதற்கில்லை.

‘கேட் 6ஏ’ கேபிள் 100 மீட்டர் தொலைவுக்கு நொடிக்கு 10 ஜிகாபிட் தகவலைக் கொண்டு செல்லும். உண்மைதான். ஆனால், ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள அதனை, அத்தடிப்பின் நான்கு மடங்கான 32 மில்லிமீட்டர் ஆரத்திற்குக் குறைவாக வளைக்கலாகாது. 25 மில்லிமீட்டர் ஆழமே உள்ள சுவர்ப்பெட்டியில் அதைத் திணித்தால் என்னாகும்? கேபிள் நசுங்கும், சாக்கெட்டில் பிடி தளரும். எட்டுக் கம்பிகளும் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பது குறுக்கீட்டைத் தடுக்கவே. முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரித்துவிட்டால் அப்பயன் குன்றும். ஆக, கேபிளின் தரத்தை அதன் முனையே தீர்மானிக்கிறது.

மெலிந்த ‘கேட் 6’ கேபிளே, நல்ல சூழலில், 55 மீட்டர் வரை அதே வேகத்தைத் தரவல்லது. நம் வீடுகளில் அதற்கு மேல் தொலைவு ஏது?

எனவே, தடிப்புக்குக் கொடுக்கும் காசை ஆழமான பெட்டிக்கும், முனையைப் பொறுமையாக இணைக்கும் தொழிலாளியின் கூலிக்கும் கொடுப்போம். பூச்சு முடிந்தபின் சுவரை உடைப்பதைவிட, முன்பே அளந்து பார்ப்பது அறிவுடைமை அன்றோ!