‘பதிவு இல்லை’ என்கிறதா கணினி? அவசரப்படாதீர்கள்!

கேள்வி: கொல்லிமலை குண்டனி நாட்டைச் சேர்ந்தவள் நான். கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணினி வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பயிர்க்கடன் கேட்டு வந்த பெரியவர் ஒருவரின் உறுப்பினர் எண்ணைத் தட்டினால், ‘ரெக்கார்டு நாட் ஃபவுண்ட்’ என்றே வருகிறது. அவர் கையிலோ பங்குத்தொகை கட்டிய பழைய ரசீது இருக்கிறது. புது உறுப்பினராகப் பதிந்துவிடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. அந்த வாசகத்துக்கு ‘அவர் உறுப்பினர் இல்லை’ என்று பொருள் அல்ல. ‘நீங்கள் கேட்ட விதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதுதான் பொருள்.

தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கங்களையும், மலைப்பகுதிகளில் உள்ள லேம்ப் சங்கங்களையும் ஒரே மென்பொருளில் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. அப்போதைய கணக்கு, 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய். பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் ‘இ.ஆர்.பி.’ வகை மென்பொருள் இது. உறுப்பினர், பங்கு, கடன், உரம் எல்லாம் இதில் தனித்தனி அட்டவணைகளாக இருக்கும். அவற்றைக் கோத்துப் பிடிக்கும் நூல், உறுப்பினர் எண். பழைய பேரேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது அந்த எண்ணில் சிறு பிசகு நேர்ந்தாலும் நூல் அறுந்துவிடும்.

எனவே இந்த வரிசையில் தேடுங்கள்:

1. எண்: 412 என்பது 00412 என்று ஏறியிருக்கலாம். முன்னாலோ பின்னாலோ ஒரு காலி இடம் ஒட்டியிருந்தாலும் கிடைக்காது.

2. பெயர்: முழுப் பெயரைப் போடாமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் போடுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம். உங்கள் ஊர்ப் பெயரையே பாருங்களேன்! குண்டனியை ஆங்கிலத்தில் ‘ஜி’ போட்டும் எழுதலாம், ‘கே’ போட்டும் எழுதலாம். கணினிக்கு அவை இரண்டு ஊர்கள்.

3. வடிகட்டி: திரையில் நடப்பு நிதியாண்டு, ஒரு கிளை, ‘நடப்பு உறுப்பினர்’ என்று ஏதாவது தேர்வாகி இருக்கிறதா? எல்லாவற்றையும் ‘அனைத்தும்’ என்று மாற்றித் தேடுங்கள்.

4. அனுமதி: உங்கள் லாகின் சில பதிவுகளைக் காட்டாமல் இருக்கலாம். செயலாளரின் லாகினில் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை வாங்காதீர்கள்.

5. எதிர்ப்பக்கம்: ரசீது எண்ணையோ பழைய கடன் எண்ணையோ வைத்துத் தேடுங்கள். கடன் இருந்து, அதற்குரிய உறுப்பினர் மட்டும் இல்லை என்றால் அறுந்தது இணைப்புதான்.

இவ்வளவுக்கும் கிடைக்காவிட்டால் உறுப்பினர் பதிவேட்டை எடுங்கள். அதில் இருந்து கணினியில் இல்லை என்றால், திரையைப் படம் பிடித்து, பதிவேட்டுப் பக்கத்தின் நகலுடன் செயலாளர் வழியாக மென்பொருள் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். பழைய எண்ணிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

புதிதாகப் பதிந்தால் என்ன கெடுதல்? ஒரே மனிதர் இரண்டு பேராகிவிடுவார். பங்கு ஓர் எண்ணிலும் கடன் இன்னோர் எண்ணிலும் நிற்கும். கட்டிய தவணை ஒருபக்கம் சேர, மறுபக்கம் நிலுவை காட்டும். 2021-ல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் விவசாயிகளுக்கான சலுகை அது. இப்படி ஒரு சலுகை வரும்போது பட்டியல் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படும். கணக்கு குழம்பிக் கிடந்தால் நஷ்டம் பெரியவருக்குத்தான்.

கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்குத்தொகை ரசீது, கடன் பாஸ்புத்தகம் எவ்வளவு பழையதானாலும் தூக்கிப் போடாதீர்கள். ‘கம்ப்யூட்டரில் இல்லை’ என்று சொன்னால், ரசீது நகலுடன் மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அசல் ரசீதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.