ஏகமனது என்னும் போர்வை

"தலைவர் தேர்வில் போட்டி கூடாது, ஏகமனதாக முடிப்பதே கண்ணியம்" என்று உரைப்போர் நம் நாட்டில் எக்காலத்தும் உளர். நம் சமுதாயத்து அறிஞர் சிலர் ஒருபடி மேற்சென்று, இஸ்லாம் போதிக்கும் ஷூராவும் இதுவே எனச் சான்று காட்டத் துணிகின்றனர். அச்சான்று செல்லுமா?

1885-இல் தோன்றிய காங்கிரஸ் பேரியக்கத்தின் வரலாற்றைப் புரட்டுவோம். தலைமைக்கு வாக்குப்பதிவு வரை சென்ற போட்டிகள் அங்கு விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1939-இல் காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவைச் சுபாஷ் சந்திர போஸ் 200-க்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். நேர்ந்தது என்ன? காரியக் கமிட்டியினர் பெரும்பாலோர் விலகினர். சில திங்களுக்குள் வென்றவரே பதவி துறந்தார். பெரியோர் விருப்பத்திற்கு மாறாக வெல்வதும் வீண் என்னும் பாடத்தைக் கட்சி அன்றே கற்றுக்கொண்டது. 2000-இல் சோனியா காந்தியை எதிர்த்து நின்ற ஜிதேந்திர பிரசாதா பெற்றவை 94 வாக்குகள். எதிரணி பெற்றவை 7,448.

2022 அக்டோபரில் மல்லிகார்ஜுன கார்கேயும் சசி தரூரும் போட்டியிட்டனர். வாக்காளர் பட்டியலை வெளியிடுமாறு அதற்கு முந்தைய மாதமே எம்.பி.க்கள் சிலர் கேட்டபோது, போட்டியிடுவோர் அலுவலகத்திற்கு வந்து பார்க்கலாம் என்பதே விடையாயிற்று. மாநிலத் தலைவர்கள் பலர் தம்மைச் சந்திக்கவே முன்வரவில்லை எனத் தரூர் குறைப்பட்டார். முடிவில் கார்கே 7,897 வாக்குகளும் தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். கட்சி பிளந்ததா? இல்லை. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். பதின்மரில் ஒருவருக்கு மேல் மாற்றுக் கருத்துடையார் என்பது வெளிப்பட்டது. போட்டி இல்லையேல் அக்குரல் கணக்கிலேயே வந்திராது.

இனி ஷூராவுக்கு வருவோம். குத்துண்டு மரணப் படுக்கையிலிருந்த ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தமக்குப்பின் இன்னார் என ஒருவரைச் சுட்டவில்லை. ஸஹாபிகள் அறுவரிடம் தேர்வை ஒப்படைத்தார்கள். தம் மைந்தர் அப்துல்லாஹ் ஆலோசனையில் கலந்துகொள்ளலாம், பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று விதித்தார்கள். அறுவருள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் தாம் போட்டியினின்று விலகிய பின்னரே நடுவராய் அமர்ந்து, இரவு பகலாக மக்களின் கருத்தைக் கேட்டறிந்தார்கள். மகனுக்கு வழிவிடாமையும், நடுவர் தமக்கெனப் பதவி நாடாமையும், பலரையும் வினவுதலும் அன்றோ ஷூரா? ஒரு வீட்டு முற்றத்தில் முடிவெடுத்துவிட்டு மன்றத்தில் கைதட்டச் செய்வதற்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்தும்?

பதவியைக் கேட்டு வருவோர்க்கு அதனை அளிப்பதில்லை என்னும் நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். உண்மையே. அது பதவி மோகத்தைக் கடிகிறது. தகுதியுடையாரைப் பிறர் முன்மொழிந்து மக்கள் எடைபோடுவதை அது தடுக்கவில்லை. கேட்பதே குறையெனின், கேளாமலே பரம்பரைச் சொத்தெனப் பற்றியிருப்பது அதனினும் பெருங்குறை அன்றோ?

கட்சிகளைக் குறைகூறும் நாம் நம் மஹல்லாக்களையும் நோக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத் தேர்வில் இரண்டாவது பெயரைச் சொன்னவரை 'ஃபித்னாக்காரர்' என்று பழிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ஃபித்னா பெயர் சொன்னவரிடம் இல்லை. கணக்குக் கேட்கப்படும் என அஞ்சி அவர் வாயை அடைப்பவரிடமே இருக்கிறது. தலைமை ஓர் அமானிதம். அதனை யாரிடம் ஒப்படைப்பது என ஆராயும் உரிமை, ஒப்படைக்கும் மக்களுக்கே உரியது.