பூனையை விரட்டினால் போதுமா?

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால், ‘முதலில் அந்தப் பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொல்ல அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் இருப்பார். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டுமே நுண்முட்டைகளை உண்டாக்கி வெளியே அனுப்புகிறது. 1970 வாக்கில் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், இந்தியாவில் கால்நடை மருத்துவம் படித்த ஜே.பி. துபே. கர்ப்பக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு முதன்முறையாக இது தொற்றினால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆனாலும் பூனையைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விடுவதால் அந்த வீட்டின் ஆபத்து பெரிதாகக் குறைவதில்லை.

காரணம் எளிது. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று பூனைக்கு முதல் தடவை தொற்றும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை லட்சக்கணக்கான நுண்முட்டைகள் அதன் கழிவில் வெளியேறும். அதற்குப் பிறகு பெரும்பாலான பூனைகளிடமிருந்து அவை வருவதில்லை. ஆக, வீட்டில் பல வருடம் கிடக்கும் கிழப் பூனையைவிட, இப்போதுதான் வேட்டைக்குப் பழகும் குட்டியிடமே ஆபத்து அதிகம். வெளியேறிய முட்டைக்குத் தொற்றும் திறன் வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேல்கூட அது தாங்கும். பூனைக்குக் கழிவை மண்ணால் மூடும் பழக்கம் உண்டு. அதற்குத் தோதாக நம் தெருக்களில் வீடு கட்டக் கொட்டிய மணல் கிடக்கிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கோபுரம் கட்டி விளையாடுவதும் அதே குவியலில்தான். அதே மணலைச் சலித்த சித்தாள், கையை முந்தானையில் துடைத்துவிட்டு வெற்றிலையை எடுக்கிறார். அந்த முட்டையை விட்ட பூனை அதற்குள் எந்தத் தெருவில் இருக்கிறதோ!

மண்ணைவிடத் தண்ணீர் பெரிய சங்கதி. 2004, 2005 ஆம் ஆண்டுகளில், புதிதாகத் தொற்றிய டாக்ஸோபிளாஸ்மாவால் கண் பாதிக்கப்பட்ட 248 பேரைக் கோவை அரவிந்த் கண் மருத்துவமனை பதிவு செய்தது. இத்தனை பேர் பூனை வளர்த்துக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை; ஆய்வாளர்களின் சந்தேகம் குடிநீர் விநியோகத்தின் மீது விழுந்தது. கனடாவின் விக்டோரியா நகரில் 1995இல் சுமார் 100 பேருக்குத் தொற்றியபோதும் நீர்த்தேக்கமே சந்தேகத்துக்கு உள்ளானது. சேலத்துக்கு மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் நமக்கு ஒரு நிம்மதி. அந்த அளவு குளோரினுக்கு இந்த முட்டை மசியாது. நன்கு வடிகட்ட வேண்டும், அல்லது கொதிக்க வைக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் மணல் வடிகட்டி ஒழுங்காக இருந்தாலும், தெருக்கோடியில் மூடி உடைந்து கிடக்கும் தரைத்தொட்டி அத்தனையையும் வீணாக்கிவிடும்.

‘கறி மூலமாகத்தானே இது பரவுகிறது’ என்று கேட்கலாம். ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வில், வேகாத இறைச்சிதான் முதல் காரணம், மண் அடுத்தபடி, பூனையோடு பழகுவது ஒரு காரணமாகவே தேறவில்லை. நம் சமையலில் ஆட்டுக்கறி குழைய வெந்த பிறகே இலைக்கு வருகிறது. (கறி நறுக்கிய அருவாமனையில் அப்படியே வெங்காயம் அரிவது வேறு விஷயம்.) கறியின் பங்கு இங்கே குறைவென்றால், மண்ணையும் தண்ணீரையும் இன்னும் கூர்ந்து பார்க்கத்தானே வேண்டும்? நாம் பார்ப்பதோ பரிசோதனைச் சீட்டை. கரு கலைந்தவுடன், கருவைத் தாக்கும் தொற்றுகளைத் தேடும் ‘டார்ச்’ ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள். ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. அது எப்போதோ தொற்றி உடம்பு எதிர்ப்புச் சக்தி பெற்றதன் அடையாளம்; வழக்கமான உடல்நலத்தோடு இருக்கும் பெண்ணின் அடுத்த கர்ப்பத்துக்கு அது பெரும்பாலும் பாதுகாப்பே. இதை விளக்கச் செலவாகும் ஐந்து நிமிடம் பல இடங்களில் கிடைப்பதில்லை. பழி பூனை மேல் விழுகிறது.

தெருப்பூனைகளை மொத்தமாகப் பிடித்து அப்புறப்படுத்தினால் என்ன என்பது இன்னொரு வாதம். நாமக்கல் பக்கம் கோழித்தீவனக் கிடங்கு வைத்திருப்பவரிடம் கேட்டால் சிரிப்பார். பூனை போன இடத்தில் எலி பெருகும். எலி மூத்திரத்தில் வரும் எலிக்காய்ச்சலுக்கு ஆளையே கொல்லும் வலு உண்டு. காலியான இடத்துக்குப் புதிதாக வருவதும் குட்டிகளே, அதாவது முட்டை விடும் வயதுப் பூனைகளே. குடும்பக் கட்டுப்பாடு செய்து குட்டிகளைக் குறைப்பதும், செத்த கோழியையும் கறிக்கடைக் கழிவையும் பூனைக்கு வீசாமல் இருப்பதும் இதைவிடப் பலன் தரும்.

டெங்கு, காசநோய்க்கே கை போதாதபோது இது எதற்கு என்று சுகாதாரத் துறை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தனி இயக்கம் ஒன்றும் வேண்டாம். தொட்டிக்கு மூடி போட்டால் கொசுவும் அடங்கும். மேச்சேரி ஆடு வளர்க்கும் பட்டியில் இரண்டு மூன்று ஆடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசினால், அதற்கு டாக்ஸோபிளாஸ்மாவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஆடு குடித்த தண்ணீரையும் மிதித்த மண்ணையும் அந்த வீட்டுப் பெண்களும் புழங்குகிறார்கள். ஆட்டின் ரத்தத்தைச் சோதிக்க நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண்களைப் பார்க்கச் சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இடையில் சுமார் 50 கிலோமீட்டர். ஆட்டுப்பட்டியில் தெரிந்த சேதி பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர, மாதம் ஒரு கடிதம் போதும்.