பட்டயம் லெட்டர்பேடுக்கு மட்டும்தானா?

நம்ம பொட்டி தட்டுற தொழில்ல ஜாவா சர்டிஃபிகேட் வச்சிருக்கவனுக்கு கோடு எழுத வரலைன்னா என்ன ஆகும்? ப்ராஜெக்ட் ஊத்திக்கும், அவ்ளோதான். கோர்ட்ல நின்னு வழக்கு நடத்துற வக்கீலுக்கு வேலை தெரியலைன்னா ஒருத்தன் தலை உருளும்.

அமெரிக்காவுல வக்கீல் லைசென்ஸ் பொதுவா ஒண்ணுதான். பத்திரம் எழுதுறவரும் அதேதான், கிரிமினல் கேஸ் நடத்துறவரும் அதேதான். 1973-லயே அங்க தலைமை நீதிபதியா இருந்த வாரன் பர்கர், வழக்கு நடத்துற வக்கீல்கள்ல பலருக்குப் போதுமான தகுதி இல்லைன்னு வெளிப்படையா பேசினார். 1974-ல டெக்சாஸ் மாநிலம் சிறப்புத் தகுதிக்குன்னு ஒரு போர்டு வச்சது. 1977-ல தேசிய அளவுல வழக்கு வாதத்துக்கே ஒரு போர்டு வந்துச்சு. வழக்கு நடத்தின அனுபவம் காட்டணும், ஒரு நாள் முழுக்கப் பரீட்சை எழுதணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். நல்ல ஏற்பாடு.

ஆனா சண்டை எதுக்கு வந்துச்சு தெரியுமா? லெட்டர்பேடுக்கு! இல்லினாய்ஸ்ல பீல்ங்கிற வக்கீல் இந்தச் சான்றிதழை லெட்டர்பேடுல போட்டுக்கிட்டார். மக்களைக் குழப்புதுன்னு அவரைக் கண்டிச்சாங்க. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1990-ல 5-4ன்னு ஜெயிச்சார். சரியான தீர்ப்புதான், மறுக்கல.

என் கேள்வி வேற. லெட்டர்பேடைப் பார்த்து வக்கீலைத் தேர்ந்தெடுக்க யாரால முடியும்? காசு இருக்கிறவனால. இல்லாதவனுக்கு கோர்ட் யாரைக் கொடுக்குதோ அவர்தான் வக்கீல். போர்டு வச்ச அதே டெக்சாஸ்ல, 1984-ல கால்வின் பர்டைனுக்கு மரண தண்டனை. கோர்ட் நியமிச்ச அவரோட வக்கீல் விசாரணையில திரும்பத் திரும்பத் தூங்கியிருக்கார். அது நியாயமான விசாரணை இல்லைன்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவா சொல்ல 2001 ஆச்சு. 17 வருஷம் சாமி!

கட்டாயமாக்கினா வக்கீல் கிடைக்கமாட்டாங்க, செலவு ஏறும்னு சொல்லுவாங்க. ஏறட்டுமே. ஒருத்தனை ஆயுசுக்கும் உள்ள வைக்க அரசாங்கத்துகிட்ட காசு இருக்குல்ல? அவனுக்காகப் பேசுறவருக்கும் கொடுக்கட்டும். நியமன வக்கீல்களுக்கு இப்போ பல இடங்கள்ல குறைந்தபட்ச அனுபவ விதி வந்திருக்கு, நல்லது. ஆனா போர்டு கேக்குற பரீட்சையும் புதுப்பித்தலும் முதல்ல வேண்டியது அங்கதான்.

தேர்ந்தெடுக்க வழியே இல்லாதவனுக்குப் பயன்படாத பட்டயம், சுவத்துல மாட்டுற படம்தான்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க வந்து கும்மலாம். ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க.