நிழற்குடையில் எழுதியது யார்?

தில்லியில் ஏதாவது ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உட்காரும் பலகையில் காதலர் பெயர்கள். தூணில் கடன் கொடுப்பவரின் தொலைபேசி எண். பக்கத்துத் தகட்டில் தேர்தலில் நின்றவரின் கும்பிட்ட கை. இத்தனைக்கும் அடியில்தான் வண்டி எண்களின் பட்டியல் மறைந்து கிடக்கிறது.

இதனால் யாருக்கு நட்டம்? காரில் போகிறவருக்கா? இல்லை, நமக்குத்தான். ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. மாற்று வீடு கிடைத்த குடும்பங்கள் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவுக்கு அனுப்பப்பட்டன. வீட்டுவேலைக்கு நகருக்குள் வரும் நம் தாய்மார்களில் வயதானவர் பலருக்கு இந்தி படிக்கத் தெரியாது. எண்ணைப் பார்த்துத்தான் வண்டி ஏறுகிறார்கள். அந்த எண்ணின்மேல் சுவரொட்டி விழுந்தால் வண்டி தவறும். வண்டி தவறினால் கூலி போகும்.

நம் பிள்ளைகள் கிறுக்குவதில்லையா? கிறுக்குகிறார்கள். தமிழில் ஒரு வரி இருந்தால் போதும், 'மதராசிகள் வேலை' என்று குடியிருப்பு முழுவதும் ஏச்சு வாங்குகிறது. ஆகவே முதலில் நம் வீட்டைத் திருத்துவோம். நம் சங்கக் கூட்ட அறிவிப்பையும் நிறுத்தத் தூணில் ஒட்ட வேண்டாம்.

ஆனால் பையனின் கையைப் பிடிப்பதோடு சட்டம் நின்றுவிடலாமா? பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்கும் தில்லியின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எவருடைய நன்மைக்காக எழுதப்பட்டதோ அவரும் குற்றவாளியே. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். சுவரொட்டியில் பெயரும் படமும் பெரிதாகவே இருக்கின்றன. அவரைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டுமா? ஆயினும் எளிதில் அகப்படுகிறவன், இரவுக் கூலிக்குப் பசைவாளி தூக்கும் ஏழைப் பையன்தான்.

மனமிருந்தால் வழி உண்டு. 2024 செப்டம்பரில் தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலின்போது உயர் நீதிமன்றம் வாக்கு எண்ணிக்கையையே நிறுத்தி வைத்தது. ஒட்டியதையும் எழுதியதையும் அகற்றிய பிறகே எண்ணலாம் என்றது. முடிவு வெளிவர நவம்பர் 25 ஆயிற்று. மாணவருக்கு விதித்ததை மாநகராட்சி வேட்பாளருக்கும் சட்டமன்ற வேட்பாளருக்கும் விதித்தால் என்ன?

ஏழையின் வாயை அடைக்கச் சொல்லவில்லை நாம். விளம்பரத்துக்குப் பணமில்லாதவனுக்குச் சுவர்தான் பத்திரிகை. ஆகவே நாம் கேட்பது இரண்டு. குடியிருப்புதோறும் எவரும் ஒட்டக்கூடிய அறிவிப்புப் பலகை ஒன்று வேண்டும். நிறுத்தத்தைப் பாழாக்கினால், பெயர் போட்டுக்கொண்டவரே தம் செலவில் துடைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஞாயிறுதோறும் ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு, நம் நிறுத்தத்தில் எண் எழுதிய அந்தத் தகட்டையாவது துடைத்து வைப்போம். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் நம் தாய்மாருக்கு அதுதான் வழிகாட்டி.