கூடாரத்துப் பிடில்

அமெரிக்க சங்கீதம் என்றதும் நம் காதில் விழுவது என்ன? கோடிக்கணக்கான டாலர் மூலதனம் போட்டு, விளம்பரம் செய்து, உலகமெங்கும் அனுப்பப்படும் சரக்குதான். பாடுகிறவர் ஒருவர், டிக்கெட் வாங்கிக் கேட்கிறவர்கள் பல்லாயிரம் பேர். ஆனால் அதே அமெரிக்காவில், விற்பனைக்கு என்று இல்லாமல் மக்கள் தாங்களே கூடி வாசிக்கிற சங்கீதமும் உயிரோடு இருக்கிறது. அதைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதன் பெருமையைச் சொல்லும்போது அதன் குறையையும் மறைக்கப் போவதில்லை.

மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில் ஃபயெட் ஜில்லா, அப்பலாச்சியன் மலைகளில் உள்ள நிலக்கரிச் சீமை. அங்கே கிளிஃப்டாப் என்ற சிற்றூரில் வாஷிங்டன்-கார்வர் முகாம் என்று ஒரு முகாம் மைதானம் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டில் இந்த மைதானத்தில் அப்பலாச்சியத் தந்திவாத்திய விழா தொடங்கியது. கோடைகாலத்தில் நடக்கும் விழா இது. பிடில் போட்டி, பாஞ்சோ போட்டி, கோஷ்டிகளுக்குப் போட்டி, பரிசுப் பணம், மேடை எல்லாம் உண்டு. நுழைவுக்கும் முகாமுக்கும் கட்டணமும் உண்டு. ஆனால் வருகிறவர்களில் பலர் மேடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை! விழா தொடங்குவதற்கு முன்பே வந்து, மரத்தடியில் கூடாரம் அடித்து, மழைக்கு ஒரு தார்ப்பாயைக் கட்டி, நாலு மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு பொழுது விடிகிற வரையில் வாசிப்புதான்.

வாசிப்பு என்றால் எப்படி? ஒருவர் பிடிலில் ஒரு மெட்டைத் தொடங்குவார். பாஞ்சோக்காரர் விரல்நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டுவார். அவரது கட்டைவிரல் குட்டையான ஐந்தாவது தந்தியை மீட்டிக்கொண்டே இருக்கும். கித்தார் தாளத்தைத் தாங்கும். மெட்டுக்கு இரண்டு பாகம். ஒவ்வொன்றையும் இரு முறை வாசித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இருபது முறை, முப்பது முறை சுற்றினாலும் யாருக்கும் அலுப்பதில்லை. 'இப்போது நான் என் வித்தையைக் காட்டுகிறேன், நீங்கள் ஒதுங்குங்கள்' என்ற பேச்சு இங்கே கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிக்கிறார்கள். தெரியாதவர் வட்டத்துக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பத்தாவது சுற்றில் மெல்ல நுழைந்துவிடுகிறார். பாஞ்சோவுக்குச் சுருதி மாற்றுவது தொந்தரவான வேலை. ஆகையால் ஒரு சுருதியைப் பிடித்தால் மணிக்கணக்கில் அதிலேயே இருப்பார்கள். தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டினால், அந்தச் சுற்றோடு மெட்டு முடிந்தது. கைதட்டல் கிடையாது, கைதட்டுவதற்குத் தனியாக ஆள் இருந்தால்தானே!

இந்த சங்கீதம் யாருடையது?

பாஞ்சோ ஆப்பிரிக்காவின் குழந்தை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஜோலா மக்கள் சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டித் தந்தி பூட்டி வாசிக்கும் அகோண்டிங் என்ற கருவியிலும் இதே கீழ்நோக்கிய அடியைத்தான் காண்கிறோம். அடிமைகளாகக் கடத்திவரப்பட்ட மக்கள் அந்தக் கைப்பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். 1739ல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, பறை முழக்கம் அவர்களைத் திரட்டியது. அடுத்த ஆண்டே எஜமானர்கள் சட்டம் போட்டுப் பறையைத் தடுத்தார்கள். சுரைக்குடுக்கைப் பாஞ்சோ தப்பியது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியானவன் கையிலிருந்த பிடிலும் அதுவும் சேர்ந்த சேர்க்கையில்தான் இந்த மலைச் சங்கீதம் பிறந்தது. கறுப்பு உழைப்பாளியும் வெள்ளை உழைப்பாளியும் ஒருவரிடம் ஒருவர் கற்ற வித்தை இது.

இதைப் பிரித்தது யார்? 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் தங்கள் விற்பனைப் பட்டியலை நிறத்தை வைத்து இரண்டாகக் கிழித்தன. கறுப்பு மக்களின் தட்டுகளுக்கு ஒரு வரிசை, வெள்ளை மலைவாசிகளின் தட்டுகளுக்கு வேறொரு வரிசை. பிடில் வாசித்த கறுப்பர் அந்த இரண்டாவது வரிசைக்குள் நுழைவது மிக அரிது. கம்பெனி போட்ட கோட்டையே பின்னால் வந்தவர்கள் சரித்திரம் என்று நம்பினார்கள். மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு இன்னும் ஒரு படி மேலே போனார். ஜாஸ் சங்கீதம் யூதர்களின் சதி என்று அவருடைய பத்திரிகை எழுதியது. அதற்கு மாற்று மருந்தாக, 1920களின் நடுவில் பழைய பிடிலையும் நாட்டியத்தையும் 'சுத்தமான' அமெரிக்கக் கலை என்று தூக்கிப் பிடித்தார். அதே ஃபோர்டின் டியர்பார்ன் ஆலைக்கு 1932 மார்ச்சில் வேலையில்லாத தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்தபோது போலீசும் கம்பெனி அடியாட்களும் சுட்டார்கள். நால்வர் அங்கேயே மாண்டார்கள். பழைய மெட்டின் மேல் இருந்த பிரியம் அதை வாசித்த வர்க்கத்தின் மேல் இல்லை!

இனி அந்த மைதானத்தையே பாருங்கள். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் சர்க்காரின் பொதுப்பணித் திட்டத்தில் கூலிக்கு வந்த உழைப்பாளிகள் கட்டிய முகாம் அது. பூஞ்சை நோயால் அழிந்துகொண்டிருந்த செஸ்ட்நட் மரங்களின் கட்டைகளை அடுக்கி எழுப்பிய பெரிய மண்டபம் அங்கே நிற்கிறது. முகாம் 1942ல் திறக்கப்பட்டது. யாருக்காக? கறுப்பு மக்களின் பிள்ளைகளுக்காக. வெள்ளைப் பிள்ளைகளோடு அவர்களைச் சேர்க்காத காலம் அது; ஆகவே கிராம இளைஞர் இயக்கத்தின் கறுப்பினப் பிரிவுக்கு என்று தனி முகாம் அமைத்தார்கள். முகாமின் பெயரில் உள்ள புக்கர் வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். வாஷிங்டன் சிறுவயதில் இதே ராஜ்யத்தில் உப்பளத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்.

அதே ஃபயெட் ஜில்லாவில்தான் 1930ல் யூனியன் கார்பைடின் கிளைக் கம்பெனிக்காக ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப் பாதை குடையப்பட்டது. குடைந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்புத் தொழிலாளர்கள். முகமூடி இல்லை, சிலிக்கா தூசி நுரையீரலை அடைத்தது. 1936ல் காங்கிரஸ் விசாரணையில் சொல்லப்பட்ட சாவு 476. பின்னாளில் ஒரு ஆராய்ச்சியாளர் போட்ட கணக்கு 764. அந்தக் கம்பெனியின் பெயரைப் போபால் மக்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இவ்வளவு சரித்திரம் புதைந்த மண்ணின் மேல்தான் கூடாரங்கள் நிற்கின்றன. ஆனால் அந்தக் கூடாரத்து வட்டங்களில் உட்காருகிறவர்கள் மிகப் பெரும்பாலும் வெள்ளையர்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை, மெய்தான். ஆனால் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று எழுந்த முகாமில், கறுப்பு மக்கள் தந்த வாத்தியம் ஒலிக்கிறது. அவர்களோ அங்கே அபூர்வம் என்றால், 'கதவு திறந்துதானே இருக்கிறது' என்ற பதில் போதாது. நாம் சொன்ன குறை இதுதான்.

'மரத்தடியில் பிடில் வாசிப்பதால் சுரங்க முதலாளிக்கு என்ன நஷ்டம்?' என்று சில நண்பர்கள் கேட்கலாம். ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் 1931ல் கென்டக்கியின் ஹார்லன் ஜில்லாவில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். சங்க ஊழியர் ஒருவரைத் தேடி ஷெரீப்பின் ஆட்கள் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். அவர் மனைவி ஃபுளோரன்ஸ் ரீஸ் சுவரிலிருந்த காலண்டர் தாளைக் கிழித்து, அதில் வேலைநிறுத்தப் பாட்டு ஒன்று எழுதினார். மெட்டுக்கு அவர் எங்கும் அலையவில்லை. வீட்டில் புழங்கிய பழைய மெட்டு கைவசம் இருந்தது. மக்கள் வாசித்துக்கொண்டே இருந்தால்தான் மெட்டு சமயத்துக்கு உதவும். பீட் சீகரும் இதை அறிந்திருந்தார். பாஞ்சோ கற்க அவர் எழுதிய கையேடு முதலில் 1948ல் சைக்ளோஸ்டைல் பிரதியாகவே வெளிவந்தது. 1955ல் காங்கிரஸ் கமிட்டியின் முன் தம் அரசியலைப் பற்றிப் பதில் சொல்ல மறுத்ததற்காக அவருக்கு 1961ல் சிறைத் தண்டனை விதித்தார்கள். மறு ஆண்டு மேல்கோர்ட் அதை ரத்து செய்தது.

வட்டத்தில் விழுந்த இடைவெளியை அடைக்கும் வேலை தொடங்காமல் இல்லை. 2005ல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்புப் பாஞ்சோக்காரர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்த இளைஞர்கள் மூவர் அதே ராஜ்யத்தின் மெபேன் ஊருக்குப் போய் ஜோ தாம்சன் என்ற கறுப்பினப் பிடில் கலைஞரைக் கண்டார்கள். அவருக்கு அப்போது எண்பதுக்கு மேல் வயது. நாற்காலி மேசை செய்யும் ஆலையில் பல்லாண்டு உழைத்தவர். தந்தையிடமிருந்து வந்த மெட்டுகளைக் கைவிடாதவர். வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டில் உட்கார்ந்து அவரோடு வாசித்தே அவர்கள் கற்றார்கள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற கோஷ்டி பிறந்தது அப்படித்தான். தாம்சன் 2012ல் காலமானார். அதற்குள் அவருடைய மெட்டுகள் அந்த இளைஞர்களின் கைக்கு வந்துவிட்டன.