நமக்குள்ள எதுக்குங்க அக்ரிமெண்ட்டு?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் பதிவு எதுவும் போடலை. ஆணி அதிகம்னு சொன்னா அது பாதி உண்மை. மீதி பாதி எரிச்சல். அந்த எரிச்சலைத்தான் இன்னிக்குக் கொட்டப் போறேன். புலம்பல் பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க மக்கா.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. இஞ்சினியரிங் முடிச்சு அஞ்சு வருஷம் ஒரு கம்பெனியில பொட்டி தட்டினேன். அப்புறம் வேலையை விட்டுட்டு, இப்போ கோயமுத்தூர்ல வீட்டு மாடியில உட்கார்ந்து தனியா ப்ராஜெக்ட் பண்ணிட்டிருக்கேன். "சொந்தமா பண்றேன்"னு சொன்னா, வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க "ஓ, வேலை தேடிட்டிருக்கியாப்பா"ங்கறாங்க. அதுக்குத் தனிப் பதிவே போடலாம்.

மேட்டருக்கு வரேன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. பேரு வேணாம். அறுபது, எழுபது பேர் வேலை செய்யற யூனிட். திருப்பூர் தெரிஞ்சவங்களுக்கு சனிக்கிழமைன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. வாரச் சம்பளம்! ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங்னு ஒவ்வொண்ணுக்கும் பீஸ் ரேட்டு வேற வேற. யாரு எத்தனை பீஸ் அடிச்சாங்க, நடுவுல எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினாங்கன்னு எல்லாம் நோட்டுல இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு பேர் கால்குலேட்டரோட உட்கார்ந்து கணக்குப் போடுவாங்க. தப்பு வரும். சனிக்கிழமை சாயங்காலம் சண்டை வரும். இதைச் சரி பண்ணத்தான் ஓனர் என்கிட்ட சாப்ட்வேர் கேட்டார்.

பேசின தொகை 1,40,000 ரூபாய். அட்வான்ஸ் 20,000. மீதி முடிச்சதும் ஒரே செக்கா தர்றதா பேச்சு. ஒழுங்கா ரெண்டு பக்கத்துக்கு அக்ரிமெண்ட் அடிச்சு எடுத்துட்டுப் போனேன். அவர் அதைத் தொடவே இல்லை. "ஏனுங் தம்பி, நமக்குள்ள எதுக்குங்க அக்ரிமெண்ட்டு? எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"ன்னு கேட்டுட்டு காபி சொல்லி விட்டார். நான் காபியைக் குடிச்சுட்டு, பேப்பரைப் பையில வச்சுட்டு வந்துட்டேன். என் வாழ்க்கையில நான் குடிச்ச காஸ்ட்லியான காபி அதுதான்.

ரெண்டு மாச வேலை நாலு மாசமாச்சு. ஏன்னா, "ஒரு சின்ன மாத்தம் தானுங்". நைட் ஷிஃப்டுக்கு ஒண்ணரை ரேட்டு. சின்ன மாத்தம். கான்ட்ராக்ட்ல வர்ற டெய்லர்களுக்குத் தனிக் கணக்கு. சின்ன மாத்தம். போன வருஷ நோட்டுல இருக்கறதையும் ஏத்திக் குடுக்கணும். அதுவும் சின்ன மாத்தம்! ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினது நான்தான், ஒத்துக்கறேன்.

பிப்ரவரியில முடிச்சுக் குடுத்தேன். அப்போ ஆடிட்டர் கேக்கறார்னு ஜிஎஸ்டி பில் கேட்டார். என்னை மாதிரி சர்வீஸ் வேலை பண்றவனுக்கு வருஷம் 20 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. இருந்தாலும் பணம் வரணுமேன்னு பதிவு பண்ணி, 18 சதவீதம் சேர்த்து, 25,200 ரூபாய் வரியோட பில் போட்டேன். பில் போட்டுட்டா கிளையண்ட் பணம் குடுத்தாரா இல்லையான்னு கவர்மெண்ட் கேக்காது, வரியைக் கட்டியாகணும். கைக்காசுல கட்டினேன்.

இப்போ கணக்குப் பாருங்க. வந்தது 20,000. போனது 25,200. நாலு மாசம் ராத்திரி பகலா வேலை செஞ்சதுக்கு நான் எதிர்ல 5,200 ரூபாய் குடுத்திருக்கேன். அவ்வ்வ்வ்...

அதுக்கப்புறம் ஆறு மாசம். "பையர் பேமெண்ட் வரலீங்." "ஆடிட்டர் ஊர்ல இல்லீங்." "ஆடி கழியட்டும் தம்பி." ஆடியும் கழிஞ்சுது.

ஆனா ஒண்ணு, சாப்ட்வேர் மட்டும் ஒரு சனிக்கிழமை கூட நிக்கலை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பட்டனைத் தட்டினா எல்லார் கணக்கும் வருது. சண்டை இல்லை. அந்த யூனிட்டுக்கு வேலை செஞ்சும் சம்பளம் வராத ஒரே ஆள், அந்தச் சம்பளக் கணக்கை எழுதின நான்தான்.

இங்கேதான் என் கட்சியைச் சொல்லணும். அந்த ஓனர் ஏமாத்துக்காரர் இல்லை. அதே நேரத்துல அவர் வீட்டுல மேல் மாடி எடுத்துட்டிருந்தார். கொத்தனாருக்கு வாரா வாரம் கூலி போச்சு. சிமெண்ட், கம்பிக்குப் பணம் போச்சு. கொத்தனார்கிட்ட "ஒரு சின்ன மாத்தம், இன்னொரு ரூமையும் சேர்த்துக் கட்டிருங்க, காசு அப்புறம் பாத்துக்கலாம்"னு அவர் சொல்லுவாரா? சொன்னா கொத்தனார் கரண்டியைக் கழுவி வச்சுட்டுப் போயிடுவார். செங்கல் கண்ணுக்குத் தெரியுது, கோடு தெரியறதில்லைன்னு நாம சமாதானம் சொல்லிக்கறோம். அது பொய். கொத்தனாருக்கு இருக்கற சொரணை நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

நம்மளை வளர்த்த விதம் அப்படி. காசைப் பத்திப் பேசறது மரியாதைக் குறைச்சல்னு சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டாங்க. காலேஜ்ல நாலு வருஷம் என்னென்னவோ சொல்லிக் குடுத்தாங்க. ஒரு பில் எப்படிப் போடறது, வராத பணத்தை எப்படிக் கேக்கறதுன்னு ஒரு பீரியட் கூட எடுக்கலை. அதனால யாராவது "டைப் அடிக்கிறது தானே தம்பி"ன்னா சிரிச்சுக்கறோம். இப்போ புதுசா "அந்த ஏஐ-கிட்ட கேட்டா ரெண்டு நிமிஷத்துல தருதாமே"ங்கறாங்க. தாராளமா கேளுங்க சார். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு "பேட்லாக் ரேட்டு தப்பா வருது"ன்னு அதுக்கே போன் போடுங்க.

நண்பன் ஒருத்தன் சொன்னான், "சர்வர் பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருக்கு. ஒரு சனிக்கிழமை பூட்டிடு. திங்கக்கிழமை பணம் வரும்." பொய் சொல்லலை, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி லாகின் பண்ணி உட்கார்ந்தும் பார்த்தேன். ஸ்க்ரீன்ல வரிசையா பேரு. செக்கிங் டேபிள்ல இருக்கற ஒரு அக்கா, டெஸ்ட் பண்ணப் போனப்பல்லாம் எனக்கு வடை எடுத்து வச்சவங்க. அவங்க பேருக்கு நேரா அந்த வாரத் தொகை. நான் பூட்டினா ஓனருக்கு ஒரு தலைவலி, அவ்வளவுதான். அந்தக்காவுக்கு ஞாயித்துக்கிழமை அரிசி இல்லை. மூடிட்டு எழுந்துட்டேன். தவிர, உரிமையாளர் அனுமதி இல்லாம அப்படி நிறுத்தறது 2000-த்துல வந்த ஐடி சட்டப்படி குத்தம். பணத்தையும் விட்டுட்டு ஜெயிலுக்கும் போகணுமா?

சட்டம் நம்ம பக்கமும் இருக்கு. 2006-ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு பண்ணின சிறு நிறுவனத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, இல்லேன்னா 15 நாள்ல பணம் குடுத்தாகணும். தவறினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி! தனி ஆளா வேலை பண்றவங்களும் ஆன்லைன்ல உத்யம் பதிவு பண்ணிக்கலாம், பைசா செலவில்லை. ஆனா அதை வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும். பின்னாடி பண்ற பதிவு பழைய பாக்கிக்கு உதவாதுன்னு 2021-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நான் எப்போ பண்ணினேன்னு கேக்காதீங்க.

இன்னொண்ணு. 1957 காப்பிரைட் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கறவர் வேலையில எழுதற ப்ரோகிராம் முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதினது, எழுத்துல மாத்திக் குடுக்காத வரைக்கும் எழுதினவனுக்கே சொந்தம். "நமக்குள்ள எதுக்கு"ன்னு அவர் தள்ளி வச்ச அந்தப் பேப்பர்லதான் கோடை அவருக்கு எழுதிக் குடுக்கற பாராவும் இருந்துச்சு. அக்ரிமெண்ட் என்பது நம்பிக்கை இல்லாததுக்கு அடையாளம் இல்லீங்க. நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஞாபகம் மாறிப் போகும்ங்கறதுக்குத்தான் அது.

அதனால இனிமே என் கடையில மூணே விதி. கையெழுத்து இல்லாம ஒரு வரி கோடு கிடையாது. பாதிப் பணம் முன்னாடி, மீதி வேலை முடிய முடிய. சின்ன மாத்தத்துக்கும் தனி பில். இதனால ரெண்டு பேர் போயிட்டாங்க. ஒருத்தர் "உங்களுக்குக் கர்வம் ஜாஸ்தி"ன்னார். போகட்டும். வந்து, காபி குடுத்து, காசு குடுக்காதவங்களை விட வராதவங்க மேல்.

நேத்து திருப்பூர்லேருந்து போன். "தம்பி, தீபாவளி போனஸ் கணக்கு அதுலயே வர்ற மாதிரி ஒரு சின்ன மாத்தம்..."

"பண்ணிரலாங்க. பழைய பில் 1,45,200 பாக்கி இருக்குதுங்க. அது வந்ததும் புது அக்ரிமெண்ட்டோட வர்றேன்"னேன். குரல் கொஞ்சம் நடுங்குச்சு, மறைக்க விரும்பலை. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "பாக்கறேனுங்க"ன்னு வச்சுட்டார்.

வருமா வராதான்னு தெரியலை. வந்தா இங்கேயே சொல்றேன். ஆனா கேட்டுட்டேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை மாட்டியிருந்தா நல்ல வக்கீலையோ ஆடிட்டரையோ பாருங்க. அவங்க அட்வான்ஸ் வாங்காம ஃபைலைத் தொட மாட்டாங்க. அதையும் கவனிச்சுக் கத்துக்கோங்க :-)